அரையடி, ஓரடி, ஒன்றரையடி: 2023 டிசம்பரில் எர்ணாவூர்ப் பக்கத்துத் தரைத்தள வீடு – ஒரு நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பரில் வடசென்னைக்கு ஒரே மாதத்தில் மூன்று ஆபத்துகள் வந்தன. 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை. அந்த வெள்ளத்தோடு கலந்து எர்ணாவூர், திருவொற்றியூர் மேற்கு, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவிய எண்ணெய்க் கழிவு. மீண்டும் மூச்சு விடுவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் குழாயிலிருந்து கசிந்த அமோனியா. இந்த மூன்றும் ஒரு தரைத்தள வீட்டை எப்படித் தாக்கும், எந்த இடத்தில் தயாரிப்பு கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கிறோம்.

வீடும் அதில் இருப்பவர்களும் மாதிரிதான். இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு காணக்கூடிய அமைப்பை எடுத்துக்கொண்டிருக்கிறோம். புயலும் கழிவும் கசிவும் உண்மையில் நடந்தவை. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் குளியலறையும் கழிப்பறையும். மாடிப்படிக்கு அடியில் ஈபி மீட்டர். வாசலில் தரையோடு தரையாக மூடிபோட்ட சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. மொட்டை மாடி எல்லாக் குடித்தனத்துக்கும் பொது. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்ததால் வீட்டுத் தரை இப்போது தெருவைவிட அரையடி பள்ளம். இருப்பவர்கள் ஐந்து பேர்: இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஆயா, மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள்.

இப்படிப்பட்ட வீடுகளில் சாமான் இல்லாமல் தவிப்பவர்கள் குறைவு. அரிசி இருக்கும், டார்ச் இருக்கும், மருந்தும் இருக்கும். எல்லாம் தவறான உயரத்தில் இருக்கும். அதனால் இந்த ஆய்வை உயரத்தைப் பிடித்துக்கொண்டே எழுதியிருக்கிறோம்.

மழை விட்டும் தண்ணீர் ஏன் வடியவில்லை

மிக்ஜாம் சென்னையில் கரையைக் கடக்கவில்லை. கரைக்கு வெளியே மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்து 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கடந்தது. மெதுவாக நகர்ந்ததால்தான் மழை ஓயவே இல்லை. வடசென்னைக்கு இதில் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் மூன்றும் சேர்வது எண்ணூர் முகத்துவாரத்தில். புழல் உபரிநீர் வடகரை, மணலி, சடையன்குப்பம் வழியாக வந்து அங்கே விழுகிறது. புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து நிற்கும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. மழை நின்ற பிறகும் மேலிருந்து வருவது வந்துகொண்டே இருக்கும், கீழே போக வழி இருக்காது.

ஆகையால் இங்கே ஒரு நாள் தயாரிப்பு போதாது. நான்கு நாள் கணக்கு போட வேண்டும். செய்தியில் கவனிக்க வேண்டியது மழையளவு மட்டும் அல்ல. புழல் ஏரியின் முழு உயரம் 21.2 அடி, முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஏரி நிரம்பும் தறுவாயில் புயல் எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால், மணலி, சடையன்குப்பம், எர்ணாவூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் உபரிநீர்த் திறப்பு அறிவிப்புக்குக் காத்திருக்காமல் சாமானை மேலே ஏற்ற ஆரம்பிக்க வேண்டும். மணலி புதுநகர்க்காரர்களுக்குப் பூண்டி ஏரியும் இதே கணக்குதான்.

தண்ணீர் முதலில் நுழைந்த இடம்

வாசலில் மணல் மூட்டை அடுக்கியவர்கள் பலர் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க, தண்ணீர் பின்னால் குளியலறையிலிருந்து வந்தது. முதலில் ஜல்லடைக்குள் 'குளுக் குளுக்' என்று காற்று கிளம்பும். பிறகு சாக்கடை நாற்றம். பிறகு கறுப்புத் தண்ணீர் மெல்லத் தரையில் பரவும். வாசற்படி அப்போதும் காய்ந்தே இருக்கலாம்.

காரணம் எளிது. தெரு மேன்ஹோல் நிரம்பி வழிகிறது என்றால் அந்தக் குழாயில் தண்ணீர் தெரு மட்டத்துக்கு நிற்கிறது என்று அர்த்தம். நம் குளியலறைத் தரை அதைவிட அரையடி பள்ளத்தில் இருந்தால், குழாய் வழியாக அந்த அரையடித் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும். வாசலை எவ்வளவு அடைத்தாலும் பயனில்லை.

அடைக்கும் முறை: கழிப்பறைக் கோப்பைக்குள், தடித்த பிளாஸ்டிக் பையில் பத்து கிலோ மணல் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் வைத்து, கொஞ்சம் தளர்வாகவே இறக்க வேண்டும். முறுக்கமாக அடைத்த பை கோப்பையின் வளைவில் உட்காராது, ஓரத்தில் இடைவெளி விடும். குளியலறை ஜல்லடையைக் கழற்றிவிட்டு, சைக்கிள் டியூபைச் சுற்றிய துணிச் சுருளை இறுக்கிச் செருகி, மேலே ஒரு மணல் பை. ஓரடித் தண்ணீர் நான்கு அங்குலக் குழாய் வாயில் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டரை கிலோதான். எனவே பத்து கிலோ தாராளம். தோற்பது எடையால் அல்ல, இடைவெளியால். வெறும் கோணிப்பையில் மணல் கட்டி வைப்பவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள்: இடைவெளியும் விடும், மணலும் கரைந்து குழாய்க்குள் இறங்கி, வெள்ளம் வடிந்த பிறகு அடைப்பு எடுக்கத் தனிச் செலவு வைக்கும். சொந்த வீடாக இருந்தால், மேன்ஹோலுக்கு முன்னால் ஒரு ஒருவழி வால்வு போட்டுவிடுவது நிரந்தரத் தீர்வு. ஆனால் அதில் முடியும் துணியும் சிக்கும், மழைக்கு முன் திறந்து சுத்தம் செய்தால்தான் மூடும்.

அடைத்துவிட்டால் கழிப்பறை கிடையாது. இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, கடைசியில் அவஸ்தைப்படுவது வீட்டுப் பெண்களும் ஆயாவும்தான். மூடி உள்ள ஒரு பக்கெட், உள்ளே இரட்டைப் பை, ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கைப்பிடி சாம்பல் அல்லது மரத்தூள். மறைப்புக்கு ஒரு பழைய புடவை, கொடிக்கயிறு. நாப்கின் இரண்டு பாக்கெட். இவை முதல் நாளே தனிப்பையில் இருக்கட்டும்.

வெளியே தண்ணீர் இரண்டடியைத் தாண்டினால் அடைப்புப் போராட்டத்தை நிறுத்திவிட வேண்டும். உள்ளே காலியாகவும் வெளியே இரண்டு மூன்றடியாகவும் நின்றால் பழைய செங்கல் சுவருக்கு அது தாங்காத பாரம்.

சுவரில் நான்கு கோடுகள்

கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் நான்கு கோடு போடுங்கள்: தரையிலிருந்து அரையடி, ஓரடி, ஒன்றரையடி, இரண்டே முக்கால் அடி. ஒவ்வொரு கோட்டிலும் வீட்டில் எது சாகும் என்று எழுதுங்கள்.

அரையடியில் ஃபிரிட்ஜின் பின்பக்கக் கம்ப்ரெசர். ஓரடியில் ஹாலின் தாழ்வான பிளக் பாயிண்ட்டும், தரையில் தள்ளுவண்டியில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியின் பெரும்பகுதியும். ஒன்றரையடியில் கட்டில் மெத்தை, பீரோவின் கீழ்த்தட்டு. பல வீட்டில் பட்டா நகல், சான்றிதழ்கள், கல்யாணப் பட்டுப்புடவை எல்லாம் 'பத்திரமாக' இருப்பது அந்தக் கீழ்த்தட்டில்தான். இரண்டே முக்கால் அடியில் சமையல் மேடை. அதற்கு மேல் போனால் வீட்டில் ஆள் இருக்கக் கூடாது.

தெருவில் பழைய வெள்ளக் கறை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த உயரத்தோடு ஓரடி சேர்த்து, அதற்குக் கீழே உள்ள எல்லாம் ஏறியாக வேண்டும். ஃபிரிட்ஜுக்கு நான்கு மூலையிலும் எட்டு அங்குல உயர ஹாலோ பிளாக். பேட்டரிக்குச் சுவரில் இரும்பு ஸ்டாண்ட், குறைந்தது மூன்றடி. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். தண்ணீர் வந்த பிறகு ஈரத்தரையில் அதைத் தூக்க முயல்வது முதுகுக்கும் உயிருக்கும் ஆபத்து. அரிசிச் சிப்பம் சமையல் மேடைக்கு, மாவு, பருப்பு பரணுக்கு.

டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விடுமுறை என்று அறிவித்தாயிற்று, எல்லாரும் வீட்டில். அன்று பகலில் ஏற்றியவர்களுக்கு நான்கு கை இருந்தது, வெளிச்சம் இருந்தது, கரண்ட் இருந்தது. இரவில் ஏற்றியவர்களுக்கு மூன்றும் இல்லை.

சிலிண்டர் மிதக்கும்

காலி சிலிண்டர் மிதக்கும் என்பது தெரியும். நிரம்பிய 14.2 கிலோ சிலிண்டரும் மிதக்கும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். கணக்கு இதோ. கொள்ளளவு 33.3 லிட்டர். இரும்பின் தடிமனையும் சேர்த்தால் அது இடம்பெயர்க்கும் தண்ணீர் ஏறக்குறைய 35 கிலோ. கேஸும் இரும்பும் சேர்ந்த எடை சுமார் 30 கிலோ. ஆக, முழுக்க மூழ்கும் அளவு தண்ணீர் வந்தால் நிரம்பிய சிலிண்டரும் கிளம்பிவிடும். காலியானது ஓரடித் தண்ணீரிலேயே ஆட ஆரம்பிக்கும். கிளம்பிய சிலிண்டர் சாயும், ரப்பர் டியூபை இழுக்கும், ரெகுலேட்டர் தளரும். இருட்டில், மெழுகுவத்தி எரியும் வீட்டில் இது நடக்கிறது.

தண்ணீர் உள்ளே வந்ததும் அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வின் மேல் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்தி ஜன்னல் கம்பியோடு இரண்டு இடத்தில் கயிற்றால் கட்டிவிடுங்கள். அந்த வெள்ளை மூடியைத் தூக்கி எறியாமல் சிலிண்டர் கழுத்திலேயே நூலில் தொங்கவிட்டிருந்தால்தான் அப்போது கிடைக்கும். கேஸ் நாற்றம் வந்தால் 1906. ஸ்விட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறப்பது முதல் வேலை.

மெயினை எப்போது இறக்குவது

தண்ணீர் ஹால் தரையைத் தொடும் முன்பே, கால் காய்ந்த இடத்தில் இருக்கும்போதே. அதுதான் நேரம். படிக்கடியில் மீட்டர் இருக்கும் வீட்டில் அந்த இடம்தான் பெரும்பாலும் முதலில் நனையும். கால் தண்ணீரில் நின்றபடி மெயினைத் தொடக்கூடாது. அங்கே ஏற்கெனவே தண்ணீர் நின்றால் தொடவே வேண்டாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 எண்ணில் சொல்லித் தெரு இணைப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும். பக்கத்துக் குடித்தனத்துக்கும் குரல் கொடுங்கள்: "யக்கா, மெயின் ஆஃப் பண்ணியாச்சா?" ஒரே சுவரில் மூன்று மீட்டர் இருக்கும், பல குடித்தன ஸ்டோர் வீட்டில் ஒருவர் மட்டும் இறக்கினால் போதாது.

மின்கசிவு வந்ததும் கரண்டைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு செலவு செய்வதாக இருந்தால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் பெட்டி. தெருவில் பில்லர் பாக்ஸ் எனும் மின் இணைப்புப் பெட்டி அருகே தேங்கிய தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது, பிள்ளைகளை அனுப்பவே கூடாது.

இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் வரும் என்பதில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 150 ஏஎச், 12 வோல்ட் என்றால் 1,800 வாட்-மணி. இழப்பு போக 1,300 அளவுதான் கைக்கு வரும். 75 வாட் ஃபேன் ஒன்றும் 9 வாட் பல்பு இரண்டும் ஓடினால் பதினான்கு மணி நேரம். மறுநாள் காலை முடிந்தது. ஃபேனை நிறுத்தி ஒரு பல்பும் போன் சார்ஜும் மட்டும் என்றால் மூன்று நான்கு நாள் தாங்கும். 10,000 எம்ஏஎச் பவர்பேங்க், 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பாது, ஒன்றரை முறைதான். மிக்ஜாமில் பல இடங்களில் செல்போன் சிக்னலே இல்லாமல் போனது. அந்த நேரத்தில் கால் போகாவிட்டாலும் எஸ்எம்எஸ் சில சமயம் போய்ச் சேரும். வேலூரிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும் ஒரு சித்தி, மாமா யாராவது ஒருவரைக் குடும்பத்தின் தகவல் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அவருக்கே சேதி அனுப்புவது. எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பிள்ளைகளின் பையில் வையுங்கள்.

தண்ணீரில் நின்றுகொண்டு குடிதண்ணீருக்கு

ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர், குடிக்கவும் சமைக்கவும். ஐந்து பேர், நான்கு நாள்: 80 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. சாதாரண நாளில் வீட்டில் ஒரு கேனும் இரண்டு குடமும்தான் இருக்கும். புயல் சின்னம் என்று செய்தி வந்த அன்றே வாங்கிவிட வேண்டும், மறுநாள் கேன் வண்டி வராது. புழங்கும் தண்ணீருக்கு மாடி சின்டெக்ஸ் டேங்கை வழிய வழிய நிரப்பிவிட்டு மோட்டாரைக் கழற்றி மேலே வைத்துவிடுங்கள். சம்ப் வெள்ளத்தில் மூழ்கினால் அந்தத் தண்ணீர் போனது போனதுதான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், ரஸ்க், பால் பவுடர். அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடியதாக இருந்தால் சரி.

ஆயாவின் இன்சுலின் தனிக்கதை. திறந்து பயன்படுத்தும் குப்பி பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழ் 28 நாள் வரை ஃபிரிட்ஜ் இல்லாமலே தாங்கும். அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். திறக்காத குப்பிகளுக்கு மண்பானை: பெரிய பானையில் ஈர மணல், அதன் நடுவே சின்னப் பானை, அதற்குள் பிளாஸ்டிக் டப்பாவில் குப்பி, மேலே ஈரத்துணி. ஐஸ் கட்டியோடு நேரடியாக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். உறைந்ததை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஊசி, மாத்திரை, மருத்துவர் சீட்டு எல்லாம் பதினைந்து நாளுக்கு ஜிப் கவரில். அதே கவரில் ரேஷன் ஸ்மார்ட் கார்டும் இருக்கட்டும். மிக்ஜாம் நிவாரணம் ₹6,000 குடும்ப அட்டைக்குத்தான், ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது.

ஆயா எப்போது கிளம்ப வேண்டும்? தண்ணீர் வந்த பிறகு அல்ல. முழங்கால் அளவுத் தண்ணீரில் மேன்ஹோல் தெரியாது, எழுபது வயதுக் கால் நிற்காது. எச்சரிக்கை வந்த அன்று வெளிச்சத்திலேயே மாடி வீட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்கோ, மாநகராட்சி முகாமுக்கோ போய்விட வேண்டும். ஏற்றிச் செல்ல உதவி வேண்டுமென்றால் மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

எண்ணெய் கலந்தபோது

சாதாரண வெள்ளத்துக்குப் பழகிய கைகள் இங்கே தவறின. சுவரில் பிசுபிசுவென்று ஒட்டிய கறுப்பைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பரவும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் கறை போகும், வீடு முழுக்கத் தீப்பிடிக்கும் ஆவி நிற்கும். முதலில் தகட்டால் சுரண்டி எடுத்து, மரத்தூளோ பழைய செய்தித்தாளோ போட்டு உறிஞ்சவிட்டு, பிறகுதான் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல். உறிஞ்சிய குப்பையைக் கொளுத்தாமல் தனி மூட்டையாகக் கட்டி மாநகராட்சியிடம் கொடுக்க வேண்டும். கையில் ரப்பர் கையுறை, காலில் பூட்ஸ். தோலில் ஒட்டினால் முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு.

சம்ப்பில் எண்ணெய் ஏறியிருந்தால் குளோரின் எதையும் செய்யாது. குளோரின் கிருமிக்கு, எண்ணெய்க்கு அல்ல. சிமெண்ட் சுவர் எண்ணெயைக் குடித்துவிடும். நாற்றம் முழுக்கப் போகும்வரை சோப்பால் தேய்த்துக் கழுவி வெளியேற்றுவதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதுவரை அந்தத் தண்ணீர் சமையலுக்கு ஆகாது. வெறும் சாக்கடைத் தண்ணீர் மட்டும் ஏறிய சம்ப் என்றால்: இறைத்து, தேய்த்து, நிரப்பி, 1,000 லிட்டருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 150 கிராம் ஒரு பக்கெட்டில் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, ஓர் இரவு வைத்து, முழுவதும் வெளியேற்றி, மறுபடி நிரப்புங்கள். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது, குளோரின் நெடி மூக்கில் ஏறாவிட்டால் அது வெறும் சுண்ணாம்பு.

பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், 'நல்லாச் சுத்தமாகும்' என்று. அந்தக் கலவையிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத குளியலறையில் ஒரு நிமிடம் போதும். ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றது.

26ஆம் தேதி இரவு

சுனாமி வந்து சரியாக 19 ஆண்டு முடிந்த அதே நாள். அமோனியா கசிந்த அந்த இரவில், தண்ணீருக்காகப் போட்ட கோடுகள் எதுவும் உதவவில்லை. வாயுவுக்கு உயரம் இல்லை, திசைதான் உண்டு.

அமோனியா காற்றைவிட லேசானது, அதனால் மேலே போய்விடும் என்று பாடப்புத்தகத்தை நம்பக்கூடாது. குளிர்ந்து கசியும்போது ஈரக்காற்றோடு பனிபோலத் தரையை ஒட்டியே நகரும். நல்லது என்னவென்றால், அது தண்ணீரில் எளிதாகக் கரையும். நனைத்துப் பிழிந்த துண்டை மூக்கு வாயில் நான்கு மடிப்பாகக் கட்டினால் வெளியேறும் அவகாசம் கிடைக்கும். வெளியேறத்தான், அதைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்க அல்ல.

அந்த இரவில் பலர் ஓடியது சாலை போன திசையில். ஓட வேண்டியது காற்றுக்குக் குறுக்கே. காற்று வடக்கிலிருந்து தெற்கே அடித்தால் மேற்கே. மேகம் வரும் திசையில் எதிர்த்தும் போகக்கூடாது, அதோடு சேர்ந்தும் போகக்கூடாது. இருட்டில் காற்றின் திசை தெரிய, மொட்டை மாடிக் கம்பியில் இரண்டடி நீள பிளாஸ்டிக் நாடா ஒன்று கட்டிவையுங்கள். டார்ச் அடித்தால் தெரியும். வெளியே ஏற்கெனவே நெடி அடர்ந்து, கண் திறக்க முடியவில்லை என்றால் போகாதீர்கள். காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க அறைக்குப் போய், எக்ஸாஸ்ட், ஏசி நிறுத்தி, கதவு இடுக்கில் ஈரத்துண்டு திணித்து 112க்கு அழையுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு கேன் மீதி இருக்க வேண்டும். வெள்ளத்துக்கு வாங்கிய நான்கில் ஒன்றைத் திறக்காமல் வைத்தவர்களுக்கு அது அன்று இருந்தது.

இந்த இரவுக்கான பை வேறு. வெள்ளப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கதவுக்குப் பின்னால், பென்சில் கோடுகளுக்கு மேலே ஓர் ஆணியில்: வண்டிச் சாவி, டார்ச், ஐந்து பருத்தித் துண்டு, இரண்டு தண்ணீர் பாட்டில், ஆயாவின் மருந்துக் கவர். இவற்றுக்கு மேல் வேண்டாம். கீழே ஐந்து ஜோடிச் செருப்பு, வெளியே பார்த்தபடி.